மழையிலும் குளிரிலும் நம் கால்கள்: மலையகக் குடும்பமொன்றின் கேள்விக்கு விரிவான பதில்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. சில ஆண்டுகளாகச் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை எடுத்து வருகிறார். மழைக்காலம் வந்தால் அவருடைய கால்விரல் இடுக்குகள் வெளுத்துப் புண்ணாகின்றன. பனிக்காலத்தில் குதிகால் வெடித்து இரத்தம் கசிகிறது. அப்பாவுக்கு உள்ளங்காலில் ஆணி இருக்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துவலியும் உண்டு. தரம் மூன்றில் படிக்கும் தம்பி சப்பாத்தைக் கழற்றினால் காம்பரா (வீட்டு அறை) முழுவதும் நாற்றம் பரவுகிறது. இவற்றில் எவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எவற்றுக்கு வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

தோட்டத்து மருந்தகத்திலும் அரசாங்க கிளினிக்கிலும் கால்புண்களுக்கு மருந்து கட்டி வந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் கால் வருத்தங்களில் பெரும்பாலானவை ஈரத்திலிருந்தும், யாரும் காலைக் குனிந்து பார்க்காமல் விடுவதிலிருந்தும்தான் வளர்கின்றன. முகம் கழுவிக் கண்ணாடி பார்ப்பவர்கள்கூட உள்ளங்காலை மாதக்கணக்கில் பார்ப்பதில்லை. நடக்க முடியாமல் போகும் நாளில்தான் அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வைத்தியசாலைக்கு வருகிறார்கள். ஆகவே மருந்துகளின் பெயரைத் தேடுவதற்கு முன்னர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய காலையும் துடைத்து உலர்த்தி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். கீழே நான் சொல்லப்போகும் பலவும் அந்தச் சில நிமிட வேலையோடு தொடர்புடையவை.

அம்மாவின் விரலிடுக்குப் புண்ணை எல்லோரும் சேற்றுப்புண் என்றே சொல்கிறோம். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற மேற்குச் சரிவுகளில் மே மாதம் முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் கால்கள் நாள் முழுவதும் நனைந்தே இருக்கின்றன. காலையில் மலைக்கு ஏறியவர், மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து இறங்கும்வரை, சுற்றிக் கட்டும் படங்கு இடுப்பைக் காப்பாற்றினாலும் கால்களுக்கு மறைவில்லை. நீரில் ஊறிய தோல் வெளுத்து இளகிவிடுகிறது. அதில் பூஞ்சணம் எளிதாக வேரூன்றுகிறது. நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில்தான் இது பெரும்பாலும் தொடங்கும், ஏனென்றால் அவ்விரண்டும் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக் கிடப்பதால் அங்கே காற்று நுழைவதில்லை. முதலில் அரிப்பு, பிறகு தோல் உரிதல், அதன் பிறகு வெடிப்பு, எரிவு, நாற்றம் என்று படிப்படியாக வளரும். அந்த வெடிப்பு வழியாகப் பக்டீரியா உள்ளே புகுந்தால் புறங்கால் சிவந்து வீங்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், காய்ச்சலும் வரும். சிறிய வெடிப்பொன்று ஆளைக் கட்டிலில் படுக்கவைத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்கான கவனிப்பு வீடு வந்த உடனேயே தொடங்கவேண்டும். பீலியில் (தண்ணீர் விழும் குழாயில்) அல்லது வாளித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவியபின், காலுக்கென்றே ஒதுக்கிய பழைய பருத்தித் துணியொன்றால் ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து ஒற்றி எடுக்கவேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஊறிய தோல் உரிந்துவிடும். துடைத்த பிறகும் ஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கால்களை நீட்டிக் கால்மணி நேரம் காற்றாட விடுங்கள். அதன் பின்னரே மருந்து. குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் கிறீமைக் காலையும் இரவும் மெல்லிய படலமாகப் பூசலாம். இரண்டும் பாமசிகளில் கிடைப்பவை. அரிப்பு நின்ற மூன்றாம் நாளே கிறீமை ஒதுக்கிவைப்பதால்தான் அடுத்த மழைக்கு இது திரும்பி வருகிறது. தோல் முழுவதும் ஆறியதாகத் தெரிந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பூசவேண்டும். பக்கத்து வீட்டில் சொறிக்கு வாங்கிய கிறீம் இருக்கிறதென்று அதை எடுத்துப் பூசவேண்டாம். ஸ்டீரொய்ட் கலந்த கிறீம்கள் அரிப்பை உடனே அடக்கும், உள்ளே பூஞ்சணம் பரவிக்கொண்டேயிருக்கும். விரலிடுக்கில் தேங்காயெண்ணெய், வாசலின் போன்றவற்றையும் பூசாதீர்கள், அவை ஈரத்தை அங்கேயே அடைத்து வைக்கும். விரல்கள் மிகவும் ஒட்டியிருப்பவர்கள் இரவில் சிறிய பஞ்சுத் துண்டொன்றை இடையில் வைத்துக்கொண்டால் நல்ல குணம் தெரியும்.

இறப்பர் பூட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அட்டைக்கும், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாற்றுக்கட்டைக்கும் அது நல்ல பாதுகாப்பு. ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் வெறுங்காலைவிடக் கூடுதலாகக் கால் ஊறும். பருத்திக் காலுறை இரண்டு சோடி வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈரமானதைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிக்கொள்ள முடிந்தால், அதுவே பாதி மருந்து. இரவில் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டு, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்துவிடுங்கள். களைக்கொல்லி அடிக்கும் ஆண்கள் காற்சட்டையை பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே தொங்கவிடவேண்டும். இல்லையென்றால் வழியும் மருந்து நேராகக் காலுக்குள் இறங்கித் தோலைப் புண்ணாக்கிவிடும்.

குதிகால் வெடிப்பு ஈரத்துக்கு நேர்மாறான காரணத்தால் வருவது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை காய்ந்த குளிர்காற்று வீசுகிறது. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான், ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனியும் படிகிறது. குதிகால் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. தோல் தடித்து வறண்டு, உடல் பாரத்தில் பக்கவாட்டில் விரியும்போது ஓரங்களில் பிளக்கிறது. குதிகாலைத் தாங்காத திறந்த செருப்பும், ஏற்ற இறக்கங்களில் கூடையோடு நடப்பதும் அந்தப் பிளவை ஆழமாக்குகின்றன. சீனி வருத்தம் இல்லாதவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்திருந்து, சொரசொரப்பான கல்லால் மெதுவாக ஒரே திசையில் தேய்க்கலாம். ஒரே நாளில் எல்லாத் தடிப்பையும் எடுத்துவிடவேண்டும் என்று தேய்ப்பவர்களுக்கு மறுநாள் நடக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். துடைத்தவுடன், தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே வாசலின் அல்லது தேங்காயெண்ணெய் பூசிக் காலுறை மாட்டிக்கொண்டு படுக்கவேண்டும். நம் குளிரில் போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்கும். அதை அடுப்பில் சூடாக்கத் தேவையில்லை, கொஞ்சம் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். கையில் காசிருந்தால் பாமசியில் யூரியா கலந்த கிறீம் கேட்டு வாங்குங்கள். நீண்ட நாள் தடிப்புக்கு அது இன்னும் நன்றாக வேலை செய்யும், வெடிப்புக்குள் முதலில் கொஞ்சம் எரியும் என்பதைத் தவிர வேறு தொந்தரவில்லை. இரத்தம் கசியும் ஆழமான பிளவைக் கழுவித் துடைத்து, வாசலின் வைத்து, இரு ஓரங்களையும் சேர்த்து பிளாஸ்டர் ஒட்டி மூடிவைத்தால் தானாக ஆறும். கோப்பித்தூள், சாம்பல், பீடித்தூள் எதையும் உள்ளே திணிக்கவேண்டாம் என்று எல்லோரையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைக் கழுவி எடுப்பதற்குள் நோயாளி படும் வலியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும்.

இனி அம்மாவுக்கு வருவோம். சீனி வருத்தம் உள்ளவருடைய கால் வேறு. மேலே சொன்னவற்றில் பாதி அவருக்குப் பொருந்தாது. இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்கில் கூடியிருந்தால் கால் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன, இரத்தக்குழாய்களும் ஒடுங்குகின்றன. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் நாள் முழுவதும் உறுத்தினாலும் அவருக்குத் தெரியாது. வந்த புண்ணும் வலிக்காது. இரத்தவோட்டம் குறைந்திருப்பதால் ஆறவும் செய்யாது. வலிக்கவில்லை என்பதால் பெரிதில்லை என்று விட்ட புண்தான் பின்னர் விரலை எடுக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுபோகிறது.

அம்மாவுக்கு உணர்வு குறைந்திருக்கிறதா என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். அவரைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் வலது பெருவிரலின் நுனியை இறகுபோல மெதுவாக ஓரிரு விநாடிகள் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டதை உணர்ந்தவுடன் வலது அல்லது இடது என்று அவர் சொல்லவேண்டும். அடுத்து வலது சுண்டுவிரல், பின் இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொரு விரலையும் ஒருமுறை மட்டுமே தொடவேண்டும்; பதில் வராவிட்டால் மறுபடி தொட்டுப் பார்க்கக்கூடாது. இந்த ஆறு தொடுகைகளில் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ அவர் உணரவில்லையென்றால் பாத உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவாக்கப்பட்ட இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாருக்கும் யாரும் செய்து பார்க்கலாம். ஆறையும் உணர்ந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளினிக்கில் பாதத்தைப் பரிசோதிக்கச் சொல்லவேண்டும். வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வோர் இரவும் அம்மாவின் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றை நீங்கள் பார்த்துவிடுங்கள்; அவருக்குக் கண் மங்கலாக இருக்கலாம், குனியவும் சிரமமாக இருக்கும். கொப்புளம், சிவப்பு, கறுப்புப் புள்ளி, தடிப்புக்குள் இரத்தக் கறை, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருத்தல் ஆகியவை கவனிக்கவேண்டியவை. அவர் காலைத் தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. கழுவும் தண்ணீரின் சூட்டையும் அவருடைய காலால் பார்க்காமல் உங்கள் முழங்கையால் பாருங்கள். குளிர் தாங்கமுடியாமல் அடுப்படியில் குந்திக் காலை அனலில் காட்டுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். உணர்வு குறைந்தவர் அப்படிச் செய்தால் தோல் வெந்து கொப்பளித்த பிறகே தெரியவரும். அவருக்குக் கம்பளிக் காலுறைதான் சரி. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். செருப்பு மாட்டுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும் வழக்கம் வேண்டும். பீலியடிக் கல்லில் குதிகாலைத் தேய்ப்பதையும், தடிப்பை பிளேடால் சீவுவதையும் அவர் அடியோடு நிறுத்தவேண்டும். வெடிப்புக்கு எண்ணெயோ கிறீமோ பூசலாம், விரலிடுக்கைத் தவிர்த்து. விரலிடுக்குப் புண்ணுக்கு மேலே சொன்ன கிறீமைப் பூசலாம், ஆனால் ஒரு வாரத்தில் குறையவில்லையென்றால் தாமதிக்கக்கூடாது.

இதோடு சேர்த்துக் கோயில் காரியம் ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. நம் மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் தீமிதிப்பது நேர்த்திக்கடன். அதன் பக்தியை மதிக்கிறேன். பாத உணர்வு குறைந்த ஒருவர் தீக்குழியில் இறங்கினால், கால் வெந்ததை அவர் அறியாமலேயே வீடு வந்து சேர்ந்துவிடுவார். ஆறாத அந்தப் புண்ணோடு மாதக்கணக்கில் போராடவேண்டியிருக்கும். அத்தகையவர் பால்குடமெடுத்து நேர்த்தியைச் செலுத்தலாமா என்று கோயில் பெரியவர்களிடம் பேசி முடிவெடுப்பதே நல்லது. சிவனொளிபாதமலைக்கும் இது பொருந்தும். டிசம்பர்ப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரையிலான பருவத்தில், 2,243 மீற்றர் உயரத்துக்கு, நல்லதண்ணியிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை இரவோடிரவாக ஏறி இறங்கும்போது நல்ல கால்களிலேயே கொப்புளம் வரும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு ஏறவே கூடாது. மற்றவர்கள் பழகிய சப்பாத்தோடும் மாற்றுக் காலுறையோடும் போகட்டும். புதிய சப்பாத்தை அன்றுதான் முதன்முதலாக மாட்டுவது வீணான வேதனை. கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் மெல்லிய கட்டுப் போட்டு மூடிவையுங்கள். மேல்தோல்தான் அதற்குச் சிறந்த கட்டு.

தம்பியின் சப்பாத்து நாற்றத்துக்கு அவனைத் திட்டுவதால் பயனில்லை. பாடசாலைக்குச் சப்பாத்தும் காலுறையும் வேண்டும். வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே சோடி. மாலையில் கழுவிய சப்பாத்து நம் மழையில் ஓரிரவில் காய்வதில்லை, பிள்ளை மறுநாளும் ஈரத்தையே மாட்டிக்கொண்டு ஓடுகிறான். அவன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும் ஊசியால் குத்தியதுபோலச் சிறு சிறு குழிகள் தெரிந்தால், அது ஊறிய தடித்தோலைத் தின்னும் பக்டீரியாவின் வேலை. கால் உலர்ந்தாலே பாதி குறைந்துவிடும். மீதிக்கு வைத்தியர் ஒரு நுண்ணுயிர்க்கொல்லிக் கிறீம் தருவார். வீடு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்மெத்தையை எடுத்துத் தனியே வைத்து, பத்திரிகைத் தாளைத் திணித்து, அடுப்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். நெருப்புக்கு மிக அருகில் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுப்போகும். தாளை இடையில் ஒருமுறை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். சப்பாத்தை வாரக்கடைசியில் மட்டும் கழுவுங்கள், காலுறையைத் தினமும் கழுவுங்கள். அரசாங்கச் சப்பாத்து வவுச்சர் கிடைத்தால், இன்னும் இரண்டு வருடத்துக்கு ஆகட்டும் என்று பெரிய அளவில் வாங்கிவிடாதீர்கள். பிள்ளை எழுந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் பெரியவர் பெருவிரல் அகலம் இடமிருந்தால் போதும். சிறு பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் பயப்படும் சிலவற்றுக்குப் பயம் தேவையில்லை. நடக்கத் தொடங்கிய பிள்ளையின் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு; ஆறு வயதளவில் பெரும்பாலோருக்கு வளைவு தெரியத் தொடங்கும், நுனிவிரலில் நிற்கும்போது வளைவு தோன்றி வலியும் இல்லையென்றால் விட்டுவிடலாம். எட்டு வயதுக்கு மேல் ஓடியாடும் பிள்ளைகளுக்கு விளையாடிய பின் குதிகாலின் பின்பக்கம் வலிப்பது வளரும் எலும்போடு தொடர்புடையது. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். உள்ளங்காலில் கறுப்புப் புள்ளிகளோடு வரும் மரு வைரஸால் வருவது, சுரண்டினால் பரவும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறையும். ஆனால் பிறந்த குழந்தையின் பாதம் உள்நோக்கித் திரும்பிக் கையால் நேராக்க முடியாதிருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். முதல் சில வாரங்களிலேயே தொடங்கி வாராவாரம் மாக்கட்டு மாற்றிச் சீராக்கும் பொன்செட்டி முறையில் பெரும்பாலான பிள்ளைகள் இயல்பாக நடப்பார்கள்.

வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு வரும் வழி இன்னும் மூடிவிடவில்லை. மலம் கலந்த ஈரமண்ணில் பொரிக்கும் நுண்புழு, விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கிறது. நுழைந்த இடத்தில் சில நாள் அரிப்பு மட்டுமே தெரியும். மாதங்கள் கழித்துப் பிள்ளை வெளிறிச் சோர்வதைத்தான் நாம் பார்க்கிறோம். ரொக்பெல்லர் மன்றம் 1916ஆம் ஆண்டில் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டங்களையே முதலில் நாடியதற்கு, நம் முன்னோரின் வெறுங்காலும் மலசலகூடமில்லாத லயங்களும்தான் காரணம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சில லயங்களில் பொது மலசலகூடம் உடைந்து கிடப்பது எனக்குப் பெரும் வேதனை. செருப்பும் பூச்சி மாத்திரையும் மட்டும் போதாது. அது திருத்தப்படும்வரை தோட்ட நிர்வாகத்திடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அப்பாவின் ஆணி ஒரே இடத்தில் நீண்டநாள் அழுத்தம் விழுவதால் வருவது. எலும்பு துருத்திய இடம், தேய்ந்த செருப்பு, இறுகிய பூட்ஸ் ஆகிய மூன்றில் எது என்று பார்த்து அழுத்தத்தை நீக்காமல் ஆணியை மட்டும் எடுத்தால் மீண்டும் அதே இடத்தில் முளைக்கும். குளித்தபின் இளகியிருக்கும்போது மெல்லத் தேய்த்து, நடுவில் ஓட்டை வெட்டிய மெத்தைத் துணியை ஒட்டிக்கொண்டால் நடக்கும் வலி குறையும். சலிசிலிக் அமிலம் கலந்த ஆணிப் பிளாஸ்டர்கள் அப்பாவுக்குச் சரிவரலாம். அவற்றை அம்மாவுக்கு எடுத்து ஒட்டிவிடவேண்டாம், நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். முதல் அடியில் குத்தும் குதிகால் வலி, உள்ளங்காலில் ஓடும் தடித்த நாரின் வலி. படுக்கையை விட்டு இறங்குமுன் காலை மடித்து, விரல்களைக் கையால் கணைக்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும், இப்படிப் பத்துமுறை. பின்னர் சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நேராக வைத்துக் கெண்டைத்தசையை அரை நிமிடம் நீட்டலாம். பீலித்தண்ணீர் நிரப்பிய போத்தலை உள்ளங்காலால் உருட்டுவதும் நல்லது. தட்டையாகத் தேய்ந்துபோன செருப்பை மாற்றுவது கட்டாயம். பெரும்பாலோருக்கு ஊசியோ சத்திரசிகிச்சையோ இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மலையில் நேரும் விபத்துகளுக்குச் சுருக்கமாகச் சில. அட்டை கடித்தால் பிய்த்து இழுக்கவேண்டாம், தீக்குச்சியால் சுடவும் வேண்டாம். மெலிந்த முனைப்பக்கம் நகத்தைத் தோலோடு சேர்த்துச் சறுக்கினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுச்செல்வதால் சில மணிநேரம் கசியலாம், சவர்க்காரத்தால் கழுவி அழுத்திக் கட்டினால் போதும். கவ்வாத்து வெட்டிய மிலாற்றுக்கட்டையோ துருப்பிடித்த ஆணியோ காலில் ஏறினால், ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாகப் போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் அன்றே மருந்தகத்துக்குப் போய் ஊசி கேளுங்கள். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியின் காயம் வெளியே ஆறியும் சில நாளில் வலி கூடினால், உள்ளே எலும்புவரை சீழ் பிடித்திருக்கலாம். பாம்பு கடித்தால் காலைக் கட்டவோ கீறவோ கூடாது. ஆளை நடக்கவிடாமல், கட்டணமில்லாத 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள்.

நகங்களை நேராக வெட்டவேண்டும், ஓரங்களைத் தோண்டி வெட்டுவதால்தான் நகம் சதைக்குள் வளர்கிறது. மஞ்சளாகித் தடித்து உதிரும் நகத்துக்குக் கிறீம் பெரும்பாலும் பலன் தராது. பெருவிரல் நகம் முழுதாக வளரவே ஓராண்டுக்கு மேலாகும் என்பதால் மாத்திரை தொடங்குவதா என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். சீனி வருத்தம் இல்லாத ஒருவருக்கு வலியில்லாத புண் ஆறாமல் இருந்தாலோ, உடலில் உணர்வற்ற வெளிறிய படை இருந்தாலோ, தொழுநோய்க்கான பரிசோதனை தேவை. இலவச மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய் அது, மறைக்கவேண்டிய ஒன்றில்லை. இரண்டு கால்களும் சேர்ந்து வீங்கினால் இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே போகவேண்டும். கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் ஒரு மணிநேரமும் பிந்தக்கூடாது.

உங்கள் வீட்டில் முதலில் கவனிக்கவேண்டியவர் அம்மாதான். சீனி வருத்தமும் திறந்த விரலிடுக்குப் புண்ணும் இரத்தம் கசியும் வெடிப்பும் ஒரே காலில் சேர்ந்திருப்பதால், அடுத்த கிளினிக் தேதிவரை பொறுத்திராமல் இந்த வாரத்திலேயே கிளினிக் கொப்பியோடு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ உங்களுக்கு அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ கூட்டிப்போங்கள். அதற்கு முன்னரே சிவப்பு மேலே ஏறினாலோ, சீழ், நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலோ, இரவென்றும் மழையென்றும் பார்க்கவேண்டாம். அப்பா அடுத்த விடுமுறை நாளில் போகலாம். தம்பிக்கு இன்றிரவு பத்திரிகைத் தாள் போதும், இரண்டு வாரத்தில் நாற்றம் குறையாவிட்டால் அவன் உள்ளங்காலையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.